கட்டடக் குளிரூட்டலில் சட்ட இணக்கமும் சூழல் பொறுப்பும்: குளிர்பதன வாயுக் கசிவை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மாண்ட்ரியல் நெறிமுறை, கிகாலி திருத்தம், குளிர்பதன வாயு, கசிவு, பராமரிப்பு

கட்டடங்களில் பொருத்தப்படும் காற்றுப்பதனக் கருவிகளின் சூழல் தாக்கம் பெரும்பாலும் மின் நுகர்வைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. நட்சத்திரக் குறியீடு அளப்பதும் அதனையே. 2020 ஜனவரி முதல் குறியீடு பெறும் அறைக் கருவிகளுக்கு 24 டிகிரி செல்சியஸ் தொடக்க வெப்பநிலையாக விதிக்கப்பட்டதும் மின்சேமிப்பு கருதியே. கருவிக்குள் சுழலும் வாயு இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவ்வாயு குறித்த சட்டங்கள் எவரைக் கட்டுப்படுத்துகின்றன, எவரை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் நெறிமுறை உருவானது. இந்தியா 1992இல் அதில் இணைந்து, 2000ஆம் ஆண்டில் ஓசோன் சிதைப்பான்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. இதன் வழியே படிப்படியாக விலக்கப்படுவது ஆர்-22. அதன் இடத்தில் வந்த ஆர்-410ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை; ஆயினும் கார்பன் டை ஆக்சைடை 1 எனக் கொண்டால் ஆர்-22இன் புவி வெப்பமாக்கும் திறன் 1810, ஆர்-410ஏயின் திறன் 2088. சட்டத்திற்கு முழுமையாக இணங்கிக்கொண்டே வெப்பமாக்கும் திறன் மிகுந்த வாயுவுக்கு மாற இயன்றது என்பது இவ்வரலாற்றின் முரண். 2016இல் உருவான கிகாலி திருத்தம் இம்முரணைக் களைய வந்ததாகும். 2021இல் அதனை ஏற்ற இந்தியா, 2028இல் பயன்பாட்டை உறையச் செய்து, 2032இல் 10 விழுக்காடும் 2047இல் 85 விழுக்காடும் குறைக்கக் கடமைப்பட்டுள்ளது.

இக்கடமை எங்கே அளக்கப்படுகிறது? உற்பத்தியிலும் இறக்குமதியிலும் ஏற்றுமதியிலும். வாயு வளிமண்டலத்தில் கலப்பதோ பெரும்பாலும் கட்டடத்தின் மொட்டை மாடியில், பழுது பார்க்கும் வேளையிலும் கருவியைக் கழற்றும் வேளையிலும். குளிர்பதனச் சுற்று மூடிய சுற்றாகும். அதில் வாயு எரிபொருள் போலத் தீர்வதில்லை. 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்னும் வழக்குச் சொல்லுக்குப் பொருள், அது கசிந்துவிட்டது என்பதே. ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால் ஏறத்தாழ 2.1 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒப்பாகும். இந்திய மின் தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ உமிழ்வு எனக் கொண்டால், இது 3000 யூனிட் மின்சாரத்திற்கு நிகர். ஐந்து நட்சத்திரக் கருவி வாங்கிச் சேமித்ததை ஒரு கவனமற்ற பழுதுபார்ப்பு அழித்துவிடக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் கருவியை இயக்குபவர்மீதே கடமையைச் சுமத்துகிறது. கருவியிலுள்ள வாயு 5 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒப்பானால் பொதுவாக ஆண்டுக்கொரு முறையும், 50 டன்னுக்கு ஆறு மாதத்திற்கொரு முறையும், 500 டன்னுக்கு மூன்று மாதத்திற்கொரு முறையும் கசிவுச் சோதனை வேண்டும். ஆர்-410ஏயைப் பொறுத்தவரை 50 டன் என்பது ஏறத்தாழ 24 கிலோ. வி.ஆர்.எஃப். வகை அமைப்புடைய பல மாடிக் கட்டடமொன்றில் இவ்வளவு வாயு இருப்பது அரிதன்று. இவ்வமைப்பில் வாயுவே செப்புக் குழாய்களின் வழி அறைதோறும் செல்கிறது. ஒவ்வோர் இணைப்பும் கசிவதற்கான வாயில். சில்லர் அமைப்பில் அறைகளுக்குச் செல்வது குளிர்ந்த நீர் மட்டுமே. வாயு இயந்திர அறையைத் தாண்டுவதில்லை. ஆகவே கசிவின் அளவு ஓரளவு கட்டட வரைபடத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது எனலாம். வெப்பமாக்கும் திறன் 675 மட்டுமேயான ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும் இயல்புடையது என்பதால், அறையின் பரப்பிற்கேற்ப வாயுவின் அளவை வரையறுக்க வேண்டியிருப்பதும் இத்தேர்வைப் பாதிக்கிறது.

இந்திய விதிகள் கட்டட உரிமையாளரிடம் இத்தகைய காலமுறைச் சோதனையைக் கோருவதில்லை. எனினும் கசிவுக்கான சான்று அவரிடமே உள்ளது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தப் பட்டியல்களில் வாயு நிரப்பியதற்கான தொகை தனியே காட்டப்படுவதுண்டு. கருவி புதிதாக நிறுவப்பட்டபோது இட்ட வாயுவை நீக்கிவிட்டால், எஞ்சிய நிரப்பல் அனைத்தும் முன்னர்க் கசிந்ததன் அளவேயாகும். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் பசுமைத் தணிக்கையில் மின்கட்டணப் பட்டியலுடன் இப்பட்டியலையும் சேர்த்து, நிரப்பிய வாயுவின் பெயரையும் எடையையும் ஒப்பந்ததாரர் எழுதித் தரவேண்டும் என்னும் ஒரு நிபந்தனையை விதித்தாலே ஆய்வுக்குரிய தரவு உருவாகிவிடும்.