அது அடம் இல்லை... அவஸ்தை!

காரியாபட்டிப் பக்கம் கோயில் பொங்கல் என்றால் குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் இருப்பார்களா? பாட்டு ஆரம்பித்ததும் தெருவே குஷியாகிவிடும். ஏதோ ஒரு வீட்டில் மட்டும் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பதுங்கும். ‘ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஆடுது, உனக்கு மட்டும் என்ன கேடு?’ என்று முதுகில் ரெண்டு விழும். பாவம்... அதற்கு நிஜமாகவே தாங்கவில்லை!

கண், காது, தோல் அனுப்பும் சேதிகளில் வேண்டியதை எடுத்து, வேண்டாததை ஒதுக்குவது மூளையின் வேலை. போட்டிருக்கும் சட்டை நமக்கு மறந்துபோவது இதனால்தான். சிலருக்கு இந்த வேலை வேறு மாதிரி நடக்கிறது. இதை விளக்கி அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் 1972-ல் புத்தகமே எழுதினார்.

சிலருக்கு உணர்வு அதிகம். காலர் லேபிள் முள்ளாய்க் குத்தும். மிக்ஸி சத்தம் மண்டையைப் பிளக்கும். குழைந்த சாதம் குமட்டும். சிலருக்குக் குறைவு. காலில் கருவேல முள் ஏறியதுகூடத் தெரியாது. கொளுத்துகிற வெயிலிலும் தாகம் தெரியாமல் விளையாடும். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் ஆபத்து!

என்ன செய்யலாம்?

* எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்.
* லேபிளை வெட்டிவிடுங்கள். துவைத்துப் பழகிய பருத்தித் துணி நல்லது.
* மிக்ஸி போடுமுன் சொல்லிவிடுங்கள். திருவிழா நாளில் ஸ்பீக்கருக்குத் தள்ளி உள்ள உறவினர் வீட்டில் விடலாம்.
* துறுதுறுவென்று குதிக்கும் பிள்ளையைப் படிக்க உட்காரவைக்கும் முன் ஊஞ்சல் ஆடவிடுங்கள், சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்கச் சொல்லுங்கள்.
* தாகம் தெரியாத பிள்ளைக்கு, ‘வேணுமா?’ என்று கேட்காமல் நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். ராத்திரி பாதத்தைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. சமையலறைச் சத்தத்தில் சிடுசிடுக்கும் மருமகளுக்குப் பத்து நிமிடம் அமைதியான மூலை கிடைத்தால் போதும், கோபம் பாதி குறையும்!

கூப்பிட்டால் திரும்பவில்லையா? முதலில் காது பரிசோதனை. பேச்சும் தாமதமானால், முகம் பார்த்துப் பழகவும் இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த வித்தியாசம் அதிகம். அதற்காக, காதைப் பொத்தும் பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று பயப்பட வேண்டாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அடித்தால் காது பழகாது, பயம்தான் பழகும். அனுசரித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளையே ஒருநாள் திருவிழாவைத் தூரத்தில் நின்று ரசிக்கலாம்!