மண்ணறிந்து மரம் நடுதல்

நகரத்துத் தெருக்களில் மரம் நட விழைவோர் என்னிடம் முதலில் கேட்கும் வினா, "எந்த மரத்தை நடலாம்?" என்பதே. "இந்த இடத்தில் எந்த மரம் வாழும்?" என்று கேட்பதே முறை. முன்னது நம் விருப்பத்தைப் பற்றியது. பின்னது நிலத்தின் இயல்பைப் பற்றியது.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் 'வர்தா' புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரொடு சாய்ந்தன. காற்றின் வலிமை ஒன்றே அதற்குக் காரணம் அன்று. வடிகால் தோண்டுகையில் ஒரு புறத்து வேரை அறுத்துவிடுகிறோம். மறுபுறத்தில் அடிமரம் வரை சிமெண்டு பூசிவிடுகிறோம். பற்றுக்கோடு இழந்த மரம் புயலை எங்ஙனம் எதிர்த்து நிற்கும்? மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மயிற்கொன்றை அழகியதே. ஆயினும் அதன் கிளைகள் அகன்று படர்வன. வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுவன. குறுகிய தெருவோரம் அதற்கு உகந்த இடமன்று.

மண்ணின் இயல்பை அறியும் வழி எளிதே. மூன்றடி ஆழத்திற்கு ஒரு குழி தோண்டுங்கள். கடப்பாரை இறங்க மறுத்தால், மண் இறுகிக் கிடக்கிறது என்று கொள்க. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வெளிப்பட்டால் அம்மண்ணில் காரத்தன்மை மிக்கிருக்கும்; இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதனைக் கொள்ள இயலாது; இளந்தளிர் மஞ்சளாகிவிடும்.

அடுத்து, ஈரமண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள். திரிபோல் நீண்டால் களிமண், உதிர்ந்தால் மணல். பின்னர்க் குழி நிறைய நீர் ஊற்றுங்கள். அது வடிந்தபின் மீண்டும் ஒருமுறை நிரப்புங்கள். மறுநாளும் நீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுவிட வழியில்லை. சில நிமிடங்களில் மறைந்தால் நீரைப் பிடித்துவைக்க மட்கிய எரு வேண்டும். இறுதியாக அண்ணாந்து பாருங்கள்: மின்கம்பி செல்கிறதா? கடற்காற்று நேரே வீசுகிறதா?

இவ்வாராய்ச்சி நமக்குப் புதியதன்று. நெய்தல் நிலத்திற்குப் புன்னை என்று நம் முன்னோர் கண்டனர். கடற்கரையை அடுத்த மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் புன்னையே. உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும் மரம் அது. பூவரசும் புங்கமும் அத்தகையனவே. நீர் நிற்கும் தாழ்நிலமாயின் மருதம் பொருந்தும்.

நட்ட கன்று நிழல் தரப் பல்லாண்டு ஆகும். பொருந்தா இடத்தில் நட்டால் அத்தனை ஆண்டும் வீணாவதுடன், வீழும் மரம் உயிருக்கும் ஊறு செய்யக்கூடும். ஆதலால் வடகிழக்குப் பருவமழை வருமுன், உங்கள் தெருவில் மரம் வைக்க எண்ணிய இடத்தில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். கன்று வாங்கச் செல்வது அதற்குப் பிறகு ஆகட்டும்.