ஆடுகளத்திலிருந்து ஆசானிருக்கைக்கு

தோற்றுவாய்

நல்லாசிரியர் இலக்கணத்தை வகுக்க வந்த நன்னூலார் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கனை உவமையாக எடுத்துக்காட்டுகிறார். தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் பொதுப்பாயிரத்தில் இதனைப் படித்திருப்பர். இவ்விலக்கணம் ஏட்டுக் கல்வி புகட்டும் ஆசிரியருக்கு மட்டும் உரியதா? வேர்வை சிந்தும் ஆடுகளத்தில் நின்று கற்பிப்பவருக்கும் பொருந்துமா? இவ்வினாவிற்கு விடை காணவே, இந்தியக் கால்பந்து உலகில் முன்கள வீரராகப் புகழ்பெற்றுப் பின்னர்ப் பயிற்றுநராக உயர்ந்த பி.கே. பானர்ஜியின் வாழ்க்கை ஈண்டு ஆராயப்படுகிறது.

குஜிலியம்பாறை வட்டாரம் வானம் பார்த்த பூமி. மாலை வேளைகளில் தரிசு நிலத்துக் கற்களைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, இரண்டு கற்களையே கோல் கம்பங்களாக நட்டுப் பந்து உதைக்கும் இளைஞர்களை இப்பக்கத்துச் சிற்றூர்களில் காணலாம். அவர்களுள் திறமையாளர் பலர் உளர். ஆயினும் இருபத்தைந்து வயதிற்குள் பிழைப்புத் தேடிப் பிரிந்து செல்கின்றனர். அவர் கற்ற கலையும் அவரோடு போய்விடுகிறது. கற்றதை அடுத்தவர்க்குக் கையளிக்கும் மரபு இல்லாத இடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. பானர்ஜியின் வரலாறு நமக்கு வேண்டியதாவது இக்காரணத்தினாலேயே.

இளமையும் ஏற்றமும்

பிரதீப் குமார் பானர்ஜி 1936ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்து மொய்னாகுரியில் பிறந்தார். குடும்பம் எஃகு நகராகிய ஜாம்ஷெட்பூருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் பருவத்திலேயே சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பீகார் மாநில அணிக்காக ஆடினார். 1954இல் கல்கத்தாவின் ஆரியன் கழகத்தில் சேர்ந்தார்; அடுத்த ஆண்டு ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு மாறினார். ஓய்வு பெறும் வரையில் அந்த அணியை விட்டு அவர் நீங்கவில்லை.

கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களே கால்பந்தின் பேரரசுகள். அவற்றுள் ஒன்றிலும் ஆட்டக்காரராகச் சேராமலேயே பானர்ஜி இந்திய அணியின் தலைவரானார். 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அம்மூன்று கழகங்களைச் சாராத மற்றோர் அணி அப்பட்டத்தை மீண்டும் வெல்வதற்கு 2019ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் அவ்வெற்றியின் அருமை விளங்கும்.

வலப்பக்க ஓரத்திலிருந்து வெட்டி உள்ளே பாய்வதும், வலிய உதையால் கோல் அடிப்பதும் அவர்தம் தனித்திறன். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர் அவரே. அங்கே பிரான்சு அணிக்கு எதிராக அவர் அடித்த கோலால் இந்தியா 1-1 எனச் சமன் கண்டது. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது கால்பந்துக்கு அவ்விருதைப் பெற்ற முதல்வர் பானர்ஜியே.

ஆசானுக்கு ஆசான்

பானர்ஜியைப் பேசும்போது அவர்தம் ஆசானைப் பேசாதிருத்தல் இயலாது. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர். 'ரகீம் சாகிப்' என்று அன்போடு அழைக்கப்பட்ட அப்பெருந்தகை ஐதராபாத் நகரக் காவல்துறை அணியை உருவாக்கி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தார். இந்திய அணிக்குப் பயிற்றுநராகி 1951இல் தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் ஈட்டித் தந்தார்.

மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 எனத் தோற்றது. நம் வீரருள் பலர் அப்போது வெறுங்காலுடன் ஆடினர். ரகீம் சாகிப் சோர்ந்தாரல்லர். வலக்காலால் உதைப்பவர் இடக்காலால் மட்டுமே ஆடும் போட்டி, பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஓடாமல் உடனே அடுத்தவருக்குத் தள்ளும் போட்டி எனப் பல பயிற்சிகளைப் புகுத்தினார். குறையுள்ள காலை நிறைவுள்ளதாக்குவதும், தனித்திறனைக் கூட்டுத்திறனாக்குவதும் அவற்றின் நோக்கம். 1958இல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது உலகம் வியந்து நோக்கிய 4-2-4 என்னும் அணிவகுப்பை அவரும் கையாண்டார். பின்னே நால்வர் காக்க, நடுவே இருவர் இணைக்க, முன்னே நால்வர் தாக்குவது இம்முறை. நடுவில் இருவரே நிற்பதால், ஓரத்து முன்கள வீரர் வேண்டும்போது பின்னே இறங்கி உதவுதல் இன்றியமையாதது. ஆகவே கோல் அடிப்பவனும் ஆட்டம் முழுவதையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தப் பயிற்சி கனிந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, தாய்லாந்து, ஜப்பான், தென்வியட்நாம் ஆகியவற்றை வென்று, செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவைச் சந்தித்தது. அரங்கம் நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராக முழங்கியது. தலையில் காயம்பட்டுத் தையலிட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்திற்கு மாற்றி நிறுத்தினார் ரகீம் சாகிப். பானர்ஜி முதற் கோலை அடித்தார். ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது.

தமிழராகிய நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியும் அவ்வணியில் உண்டு. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோரோடு மும்மூர்த்திகளாக வைத்து எண்ணப்பட்ட துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் அவரே. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜோ படைப்பணியில் இருந்து ஆட்டம் பயின்றவர்.

அத்தங்கம் வென்ற ஓராண்டு நிறைவதற்குள், 1963 சூன் 11ஆம் நாள், ரகீம் சாகிப் புற்றுநோயால் மறைந்தார். ஜகார்த்தாவுக்குச் சென்றபோதே நோய் அவரைப் பற்றியிருந்தது. அவர் நெஞ்சில் தேக்கியிருந்த கலை எங்கே போயிற்று? அவரிடம் பயின்றவர்களின் கால்களிலும் கருத்திலும் மட்டுமே அது எஞ்சியிருந்தது.

பயிற்றுநர் பானர்ஜி

1967இல் பானர்ஜி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். சிறந்த ஆட்டக்காரர் ஆதலின் சிறந்த ஆசிரியராவார் என்று கருதுதல் பிழை. முன்கள வீரனின் தொழில் கணப்பொழுதில் நிகழ்வது. தான் எவ்வாறு கோல் அடித்தோம் என்பதை அவனே விளக்க இயலாமற் போவதுண்டு. பயிற்றுநரோ பதினொருவரையும் ஒருங்கே நோக்க வேண்டும். தாம் ஆடாமல் பிறரை ஆடச் செய்ய வேண்டும். இதனை உணர்ந்த பானர்ஜி, புகழின் மேல் சாய்ந்திராமல் மீண்டும் மாணவரானார். ஜப்பானில் ஜெர்மானிய அறிஞர் டெட்மார் கிராமரிடம் பயிற்றுநர் கல்வி பயின்றார்.

அதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜப்பானை 1-0 என வென்று வெண்கலம் பெற்றது. சையது நயீமுதீன் அவ்வணியின் தலைவர்; முகமது ஹபீப் அதன் முன்கள வீரருள் ஒருவர். இருவரும் ரகீம் சாகிபின் ஐதராபாத் மண்ணில் விளைந்தவர்கள்.

1972 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் கழகம் அவர் பொறுப்பில் இருந்தது. அந்நான்கு ஆண்டுகளிலும் கல்கத்தா லீக் பட்டமும் ஐ.எஃப்.ஏ. கேடயமும் அக்கழகத்திற்கே கிட்டின. 1975 செப்டம்பர் 30ஆம் நாள் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணியை 5-0 என வென்றது இன்றும் பேசப்படுகிறது. வியப்பு யாதெனின், அதன்பின் அவர் அதே மோகன் பகானுக்குப் பயிற்றுநரானார்! 1977இல் அக்கழகம் கேடயம், ரோவர்ஸ் கோப்பை, தூரந்த் கோப்பை ஆகிய மூன்றனையும் ஒரே ஆண்டில் வென்றது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் உலகப் புகழ் பேலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 எனச் சமன் செய்தது.

அவர்தம் பயிற்சியில் உடற்பயிற்சியினும் சொற்பயிற்சி பெயர் பெற்றது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு வீரனின் இயல்பறிந்து, ஒருவனுக்குப் பாராட்டும், மற்றொருவனுக்குச் சீண்டலும், வேறொருவனுக்கு அன்னையின் நினைவும் மருந்தாகக் கொடுப்பார். இதனை வங்காளச் செய்தித்தாள்கள் 'குரல் டானிக்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தன. 1997 சூலை 13ஆம் நாள் கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி இதற்குச் சான்று. மோகன் பகான் பயிற்றுநர் அமல் தத்தாவின் 'வைர' அணிவகுப்பே எங்கும் பேச்சாக இருந்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்டுகளித்த அவ்வாட்டத்தில், பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. இளைஞர் பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார்.

நிறையும் குறையும்

ஆய்வு நோக்கில் குறையையும் கூறுதல் கடன். 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் பயிற்றுவித்த இந்திய அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 என, ஆட்டம் முடியும் தறுவாயில் தோற்றது. 1970க்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பதக்கம் எதுவும் பெற்றதில்லை. கழக அணிகளில் வெற்றி மேல் வெற்றி கண்டவர் நாட்டு அணியில் ஏன் தம் ஆசானை எட்டவில்லை?

ரகீம் சாகிப் தம் மாணவரைப் பல்லாண்டு தம் கண் முன்னே வளர்த்தார். பிற்காலத்து நாட்டு அணியோ, வளர்ந்து முதிர்ந்த வீரரைப் பல கழகங்களிலிருந்து சில கிழமைகளுக்குத் திரட்டியது. ஊக்க உரை ஓர் ஆட்டத்தை வெல்லும். இளமையிலிருந்து ஊட்டிய பயிற்சியே ஒரு தலைமுறையை வெல்லும். பானர்ஜியும் இதனை உணர்ந்தவர் போலும். 1991 முதல் 1997 வரை ஜாம்ஷெட்பூரின் டாட்டா கால்பந்துக் கழகப் பள்ளியில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்து சிறுவரைப் பயிற்றுவித்தார்.

பிற நாட்டு ஒப்புமை

இத்தகைய மாற்றம் உலகெங்கும் நிகழ்ந்துள்ளது. போர்ச்சுகல் நாட்டு ஆர்தர் ஜோர்ஜ் பென்ஃபிகா அணியின் முன்கள வீரராக 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டு லீக்கில் மிகுதியான கோல்கள் அடித்தவர். ஜெர்மானிய மொழியியல் பயின்றவர். கவிதை நூலும் வெளியிட்டவர். ஆட்டம் முடிந்தபின் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பயிற்றுநர் கல்வி கற்றார். அவர் பயிற்றுவித்த போர்ட்டோ அணி 1987இல் பேயர்ன் மூனிக் அணியை 2-1 என வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. பானர்ஜியும் ஜோர்ஜும் வெவ்வேறு கண்டத்தினர். ஆயினும் புகழ் பெற்றபின் மீண்டும் கற்கச் சென்ற பண்பு இருவர்க்கும் பொது.

நம் தமிழகத்திலும் முன்கள வீரராக இருந்து பயிற்றுநரான சையது சபீர் பாஷா, கால்பந்துப் பள்ளி நிறுவிய இராமன் விஜயன் போன்றோர் இம்மரபைத் தொடர்ந்துள்ளனர்.

நிறைவுரை

நன்னூலார் கூறிய உவமைகளுக்கு மீள்வோம். 1-10 என்னும் தோல்வியைத் தாங்கிப் பயன் விளைத்த ரகீம் சாகிப் நிலம் போன்றவர். பானர்ஜியோ இரு பெரும் பகைக் கழகங்களுக்கும் வேறுபாடின்றிக் கற்பித்த துலாக்கோல். வீரன் மனமறிந்து பேசிய மலர்.

1990இல் பத்மஸ்ரீ விருதும், 2004இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் நூற்றாண்டுச் சிறப்பு விருதும் பெற்ற பானர்ஜி, 2020 மார்ச் 20ஆம் நாள் தம் 83ஆம் வயதில் கொல்கத்தாவில் மறைந்தார். அவர் பிறந்த சூன் 23ஆம் நாளை அடித்தளக் கால்பந்து நாளாகக் கொண்டாட அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. ஒலிம்பிக் அணித் தலைவரின் பிறந்த நாளைச் சிறுவர் பந்து பழகும் நாளாக்கியது மிகப் பொருத்தமே.

மாணவத் தோழர்களே! உங்களுள் பந்தாட்டம் கற்றோர், ஊர் திரும்பும் விடுமுறை நாள்களில் கல் பொறுக்கிய அந்தத் தரிசு நிலத்திற்குச் சென்று பத்துச் சிறுவரைக் கூட்டுங்கள். இடக்காலால் உதைக்கக் கற்றுக்கொடுங்கள். ஊர்ப் பெரியோர்களே! ஆடி முடித்த இளைஞனைக் காலம் கழித்தவன் என எண்ணாது, கற்பிக்கத் தகுந்தவன் எனக் கருதி ஒரு திடலும் ஒரு பந்தும் அளியுங்கள். ஐதராபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் தொடங்கிய பணி ஆசியத் தங்கம் வரை சென்றது. குஜிலியம்பாறையில் தொடங்கும் பணி எதுவரை செல்லும் என்பதைத் தொடங்கினாலன்றி அறிய இயலாது.