சினம் பாவமாகுமா? கிறிஸ்தவ மரபில் ஒரு நோக்கு

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலைத் திருப்பலி வேளையில், கொழும்பு கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அதே காலைப்பொழுதில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயமும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும், கொழும்பின் பெரிய விருந்தினர் விடுதிகள் மூன்றும் தாக்கப்பட்டன. இருநூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செவ்வாய்க்கிழமைதோறும் சமயபேதமின்றி மக்கள் கூடும் அந்தோனியார் திருத்தலம் அவ்வாண்டு ஜூன் 12ஆந் திகதி மீண்டுந் திறக்கப்பட்டது. கட்டடம் சில வாரங்களிற் புதுக்கப்பட்டது. உற்றாரை இழந்தோரின் உள்ளத்தில் எழுந்த சினமோ அவ்வாறு விரைவில் அகலத்தக்கதன்று.

இத்தகைய ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்யுமிடத்து, தமது கோபம் இன்னும் தணியவில்லை என்று கூறுவாராயின், அவர் அறிக்கையிடுவது பாவத்தையா, அன்றித் தாம் பட்ட புண்ணின் நோவையா? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ மரபு தரும் விடை யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோபம் பாவம் என்னும் கருத்து எமது கிறிஸ்தவ மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மறைக்கல்வி வகுப்பிலே சிறுவயதில் மனனஞ் செய்யும் ஏழு தலையான பாவங்களுள் அகங்காரம், லோபித்தனம், மோகம் முதலியவற்றோடு கோபமும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஆயின் இவ்வரிசை தோன்றிய வரலாற்றை நாம் மறத்தலாகாது. எகிப்தின் பாலை நிலத்திலே தவம் புரிந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, நான்காம் நூற்றாண்டிலே, துறவியின் மனத்தை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டெனத் தொகுத்தார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காசியன் என்பார் அத்தொகுப்பை இலத்தீன் உலகுக்கு எடுத்துச் சென்றார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதனை ஏழாக வகுத்தமைத்தார். இங்குத் 'தலையான' என்பது யாவற்றினும் பெரியது என்னும் பொருளதன்று. பிற பாவங்கள் ஊற்றெடுக்கும் தலைமையிடம் என்பதே பொருள். எனவே அவ்வரிசை, தன் உள்ளத்தைத் தானே ஆராய்வதற்கு ஒருவனுக்குக் கொடுக்கப்பட்ட கருவியேயன்றி, உள்ளத்தில் எழும் உணர்ச்சி ஒவ்வொன்றன்மீதும் விதிக்கப்பட்ட தீர்ப்பன்று.

இனித் திருமறை கூறுவதை நோக்குவாம். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலே, கொலை செய்யாதிருத்தல் மட்டும் போதாது, சகோதரன்மீது சினங்கொள்பவனும் தீர்ப்புக்கு உள்ளாவான் என்று இயேசு போதிக்கின்றார். இவ்விடத்திலே தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1871ஆம் ஆண்டு நிறைவெய்திய, புரட்டஸ்தாந்து சபைகளிற் பெருவழக்காயுள்ள மொழிபெயர்ப்பிலே 'நியாயமில்லாமல்' என்னும் ஒரு சொல் காணப்படுகின்றது; அதன்படி தீர்ப்புக்கு உள்ளாவது நியாயமற்ற கோபமே. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலோ அச்சொல் இல்லை. இவ்வேறுபாடு மொழிபெயர்த்தோரின் விருப்பால் எழுந்ததன்று. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கிரேக்கக் கைப்படிகளான வத்திக்கான் படியிலும், சினாய்ப் படியின் முதல் எழுத்திலும் அச்சொல் இடம்பெறவில்லை. பிற்காலப் படிகள் மிகப் பலவற்றில் இடம்பெறுகின்றது. கடுமையான போதனையைக் கையாளத்தக்கதாக்கும் பொருட்டுப் படியெடுத்தோர் அதனைச் சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். ஆகவே, வெள்ளவத்தையிலே ஒரே வீதியில் வாழும் இரு கிறிஸ்தவக் குடும்பத்தினர், தத்தம் திருமறையைத் திறந்து, சினத்தைப்பற்றி இரு வேறு கட்டளைகளைப் படிக்க நேரிடலாம்.

ஒரு சொல்லைக்கொண்டு மட்டும் முடிவு காணுதல் பொருந்தாது. மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், ஓய்வுநாளிலே சூம்பிய கையையுடைய ஒருவனைக் குணமாக்குதல் தகுமோ என்ற வினாவுக்கு விடை கூறாது வாளாவிருந்தோரை இயேசு சினத்துடன் நோக்கினார் என்று கூறப்பட்டுள்ளது. அச்சினத்துடன் அவர்களின் மனவன்மை குறித்த துயரமும் சேர்ந்திருந்தது என நற்செய்தியாளர் உடன் கூறுகின்றார். சினத்தின் விளைவும் கவனிக்கத்தக்கது, யாரும் தாக்கப்படவில்லை, நோயாளனின் கை நலம்பெற்றது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகமோ, சினங்கொள்ளும் நிலை நேரினும் பாவத்துக்கு இடங்கொடாதிருக்குமாறும், பொழுது சாயுமுன் அதனைத் தணித்துக்கொள்ளுமாறும் அறிவுறுத்துகின்றது. சினமும் பாவமும் ஒன்றேயாயின் இவ்வறிவுரை பொருளற்றதாய்விடும். இதன் மறுபுறமாக, மனிதரின் சினம் இறைவனின் நீதியை நிறைவேற்றாது என்று யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கின்றது.

இவ்விரு போக்குகளும் பின்வந்த சிந்தனையாளரிடத்திலே இரு நெறிகளாக வளர்ந்தன. காசியன் முதல் நெறியினர். 'நியாயமின்றி' என்னும் சொல் வேண்டாத சேர்க்கை என்று அவரே எடுத்துரைத்துள்ளார். கண்ணைத் தகட்டால் மூடினால், அத்தகடு பொன்னாயினும் ஈயமாயினும் பார்வை மறைவது ஒன்றே. அதுபோலச் சினத்துக்குக் காரணம் நியாயமாயினும் அநியாயமாயினும் அறிவு மறைகின்றது என்பது அவர் கருத்து. தன் குற்றங்களின்மீது கொள்ளும் சினம் ஒன்றையே அவர் ஏற்றுக்கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான தோமஸ் அக்குவினாஸ் இரண்டாம் நெறியினர். தீங்கு கண்டு துயருற்று, அதற்கு நீதி கிட்டும் என்ற நம்பிக்கை தோன்றும்போதே சினம் பிறக்கின்றது என அவர் விளக்கினார். நீதியற்ற பழியை நாடும்போதும், அளவு கடக்கும்போதும் அது பாவமாகும். பகுத்தறிவின்வழி நிற்கும்போது போற்றத்தக்கதாகும். சினங்கொள்ள வேண்டிய இடத்திலே சிறிதும் சினவாதிருத்தலும் குற்றமாகலாம் என்றும் அவர் கூறினார்.

தமிழ் மரபை அறிந்தோர்க்கு இவ்விரு நெறிகளும் புதியனவல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளியை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனக் காட்டுகின்றார். உறுப்பைச் சிதைத்தல், குடியினரை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல் என்னும் இந்நான்கும் பிறர் செய்யும் கொடுமைகளே. அவர் அங்கு வெகுளியைப் பழிக்கவில்லை. கொடுமைக்கு உட்பட்ட மனிதனின் இயல்பாக அதனை விளக்குகின்றார். வள்ளுவரோ வெகுளாமை என்னும் அதிகாரத்தைத் துறவறவியலிலே அமைத்துள்ளார். காசியனும் துறவியருக்கே எழுதினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. துறவிக்கு வகுத்த நெறியை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின்மீது அவ்வாறே சுமத்துதல் முறையாகாது.

எனினும் காசியனின் எச்சரிக்கையை நாம் எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. சினங்கொண்ட ஒவ்வொருவனும் தன் சினம் நியாயமானதென்றே எண்ணுகின்றான். அவ்வாறாயின் நியாயமான சினத்தை அறிந்துகொள்வது எவ்வாறு? இதற்கு உதவும் அளவுகோல் ஒன்று அரிஸ்டாட்டில் வாயிலாக அக்குவினாசுக்குக் கிடைத்தது. சினம், தீங்கிழைத்த இன்னாரை நோக்கிச் செல்வது. வெறுப்போ ஓர் இனம் முழுவதையும் நோக்கிச் செல்லவல்லது. இவ்வேறுபாட்டின் உண்மையைக் கொழும்புத் தமிழர் நூல்களிலிருந்து கற்க வேண்டியதில்லை.

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளைக் கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்செயல், 25ஆந் திகதி வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளிலும் பரவியது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். இது மக்களின் கோபம் எனப் பலராலும் அந்நாளிற் கூறப்பட்டது. ஆனால் எரியுண்ட வீட்டில் இருந்தவருக்கும் திருநெல்வேலியில் நிகழ்ந்ததற்கும் யாது தொடர்பு என எவரும் வினவவில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்து வீடுகளை இனங்கண்டோர் இருந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. குற்றவாளியைத் தேடாது பெயரைத் தேடியது சினமன்று. சினத்தின் பெயரைப் பூண்ட வெறுப்பேயாகும். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும், குண்டுவெடிப்பில் எவ்வகைத் தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது அதே பிழை மீண்டும் நிகழ்ந்தது. வெள்ளவத்தையிலே அதனை அனுபவித்தோர் இதனை உணர்ந்திருத்தல் வேண்டும்.

இதற்கு மாறான வழியும் அதே நிகழ்ச்சியிலிருந்து தோன்றியது. அன்று கொழும்புப் பேராயராயிருந்த கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, மக்கள் சட்டத்தைத் தம் கையிலெடுக்கலாகாது எனத் தொடக்கத்திலேயே வேண்டினார். 2020ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுச் செய்தியில், தாக்கியோரை மன்னித்துவிட்டதாகக் கூறினார். ஆயினும் 2021 மார்ச் 7ஆந் திகதியைக் கறுப்பு ஞாயிறாகக் கடைப்பிடித்து, கத்தோலிக்கர் கறுப்புடையணிந்து ஆலயஞ் சென்று நீதி கோரினர். பாதிக்கப்பட்டோர் உட்படப் பலர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம், முன்னெச்சரிக்கை கிடைத்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை எனக் கண்டு, 2023 ஜனவரி 12ஆந் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாதுகாப்புத் துறையின் முன்னாள் உயரதிகாரிகள் சிலரும் இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். இங்குச் சினம், பொறுப்புடையவர் யாவர் என்று வினவியது. பெயர் குறித்து வினவியது. தீர்ப்பைத் தானே எழுதாது நீதிமன்றத்திடம் விட்டது.

மன்னித்துவிட்டோம் என்று கூறிய பின்னர் நீதி கோருதல் முரணன்றோ எனச் சிலர் வினவலாம். முரணன்று என்பதே எமது கருத்து. மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையைக் கைவிடுதலாகும். உண்மையை அறியும் உரிமையைக் கைவிடுதலன்று. பழிவாங்குதலை இறைவனிடம் விட்டுவிடுமாறு உரோமையருக்கு எழுதிய திருமுகம் கூறுகின்றது. நீதியைக் கேளாதிருக்குமாறு கூறவில்லை. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பிறரைக் கொல்லவோ கொடுங்காயப்படுத்தவோ மனமார விரும்பும் சினத்தைச் சாவான பாவம் என்று கண்டிக்கும் அதே இடத்தில், குற்றத்தைத் திருத்தவும் நீதியைக் காக்கவும் ஈடுசெய்யும்படி பணித்தல் பாராட்டத்தக்கதென்று ஏற்றுக்கொள்கின்றது.

எஞ்சுவது காலம் பற்றிய வினா. பொழுது சாயுமுன் தணிக என்பது அறிவுரையாயின், ஆண்டுகள் பல கடந்தும் தணியாத சினத்தை என்னென்பது? தமிழிலே நெடுநாள் மனத்தில் வைத்துப் பேணும் வெகுளிக்குச் செற்றம் என்று வேறு பெயருண்டு. மறவாமை வேறு, செற்றம் வேறு. இறந்தோருக்கு நீதி கிட்டும்வரை வினவிக்கொண்டிருத்தல் மறவாமை. வினாவை மறந்து பகையை மட்டும் காத்துக்கொண்டிருத்தல் செற்றம். முன்னது பின்னதாக மாறும் எல்லையை, சினங்கொண்டவர் தம் உள்ளத்தை நாள்தோறும் ஆராய்ந்தே அறிதல் வேண்டும். துறவியர் வகுத்த வரிசையின் பயன் இங்கேதான் உளது.

எனவே, சினம் தன்னளவிற் பாவமன்று. அது யாரை நோக்கிச் செல்கின்றது, எவ்வளவிற் செல்கின்றது, எத்துணைக் காலம் தங்குகின்றது, யாது செய்ய முனைகின்றது என்பவற்றைக் கொண்டே அது பாவமாவதும் ஆகாததும் துணியப்படும் எனலாம். கொச்சிக்கடையிலே உறவினரை இழந்த ஒருவர் தமது சினத்தைக் குறித்து அறிக்கையிட வருவாராயின், அவரிடம் முதலிற் கேட்கவேண்டியது, யாருக்கு என்ன நேரவேண்டும் என்று விரும்புகின்றீர் என்பதே. உண்மை வெளிப்பட வேண்டும் என்பது அவர் விடையாயின், அவர் பாவமன்னிப்பை நாடி நிற்க வேண்டியதில்லை. அவருக்கு விடையளிக்க வேண்டியவர்கள் பிறர்.