மணி பிளாண்ட் பாட்டிலில் கொசுப் பண்ணை!

வாரம் ஒருநாள் தண்ணீரை மாற்றாவிட்டால் வம்புதான்!

ஒத்தக்கடை:

மணி பிளாண்ட் வைத்தால் வீட்டில் பணம் கொட்டுமாம்! அதுவும் காசு கொடுத்து வாங்கக்கூடாதாம். அடுத்த வீட்டில் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் செழிக்குமாம்!

இந்த நம்பிக்கையில் எத்தனையோ கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கண்ணாடி பாட்டிலில் ஒரு கொடி தொங்குகிறது. பணம் வருகிறதோ இல்லையோ, கவனிக்காமல் விட்டால் காய்ச்சல் வரும்!

இதற்குப் பூர்வீகம் நம் நாடு அல்ல. தென் பசிபிக் கடலில், தாகித்தி தீவுக்குப் பக்கத்தில் உள்ள மூரியா தீவுதான் இதன் சொந்த ஊர். அங்கே மரத்தைப் பற்றி ஏறும் கொடி, இங்கே பாட்டிலுக்குள் குடியிருக்கிறது.

பகலில் கடிக்கும் கொசு

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரை. மணி பிளாண்ட் பாட்டில் அதற்கு மாடி வீடு மாதிரி!

பாட்டிலின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். முட்டை பொரித்து, புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க நம்ம ஊர் வெயிலுக்கு எட்டு, பத்து நாள் போதும். இந்தக் கொசு கடிப்பது பகலில். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் பதம் பார்க்கும்!

2017-ல் தமிழகத்தையே டெங்கு ஆட்டிப் படைத்தது. நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

என்ன செய்யவேண்டும்?

வாரம் ஒருமுறை பழைய தண்ணீரைக் காய்ந்த தரையில் கொட்டுங்கள். புழு இருந்தால் அங்கேயே செத்துப்போகும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். வேரையும் அலசிவிடுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சு வைத்து அடைத்தால் கொசு உள்ளே நுழையாது.

பாசி பிடிக்கிறதா? நிற பாட்டிலுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் குறைந்தால் பாசியும் குறையும்.

தொட்டிதான் நல்லது

வெறும் தண்ணீரில் சத்து இல்லை. நாளாக ஆக இலை வெளிறி, சிறுத்துப்போகும். கணுவுக்குக் கீழே வெட்டிய துண்டை மண்தொட்டியில் வைத்தால் கொடி தெம்பாக வளரும். செம்மண், மணல், மக்கிய சாணி எரு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம்.

தொட்டிச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் அதிகமாகித்தான்! வேர் அழுகி, இலை மஞ்சளாகும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றவேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரும் கொசுவுக்குத் தொட்டில்தான். அதையும் கவிழ்த்துவிடுங்கள்.

ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். கத்திரி வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகும். மழைத் தண்ணீர் கிடைத்தால் விசேஷம். ரோட்டுப் புழுதி இலையை மூடினால் ஈரத்துணியால் துடைத்துவிடவேண்டும்.

ஆனைமலைக்குப் பக்கத்திலேயே 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. செடி கொடி பற்றிச் சந்தேகம் என்றால் கேட்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை.

குழந்தைகள் ஜாக்கிரதை!

மணி பிளாண்ட், நாம் சமைக்கும் சேனை, சேம்பு வகையறாவுக்குப் பங்காளி! சேனை அறுத்தால் கை அரிக்கிறதே, அதே ஊசி போன்ற உப்புப் பொடி இதன் இலையிலும் உண்டு. குழந்தை மென்றால் வாய் எரியும். உதடு, நாக்கு வீங்கும்.

வரவேற்பறையில் வைக்கும் வெள்ளைப் புள்ளி இலை டைபன்பேக்கியா இன்னும் பொல்லாதது. நாக்கு வீங்கிப் பேச்சே வராமல் போகக்கூடும். 'ஊமைக் கரும்பு' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தது அதனால்தான்!

அப்படி நேர்ந்தால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரில் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீக்கம் கூடினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு சுலப வழி: வெள்ளிக்கிழமை கடை கழுவி, சாமி படத்துக்குப் பூ மாற்றுகிறீர்கள் அல்லவா? அப்படியே பாட்டில் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். பணம் வருமோ என்னவோ, ஆஸ்பத்திரி செலவு மிச்சம்!