வாங்குவது ஒரு நாள், வைத்திருப்பது பல வருடம்

காலை ஏழு மணிக்குக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால், எங்கள் ஊர்களின் வாழ்க்கை எவ்வளவு தூரம் சக்கரங்களை நம்பி நடக்கிறது என்பது விளங்கும். காத்தான்குடியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் நகருக்குப் போகும் ஆசிரியைகளின் ஸ்கூட்டர்கள், பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு போகும் முச்சக்கர வண்டிகள், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் என்று வரிசை நீளும். அவற்றில் பல, ஒரு குடும்பத்தின் சீட்டுக் காசு. அல்லது உம்மாவின் அடகு நகை. அல்லது வாப்பா கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த உழைப்பு.

வாகனம் வாங்கும் நாளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்குப் பின்வரும் ஐந்து, பத்து வருடங்களைப் பற்றிப் பேசுவது குறைவு. உண்மையான செலவும் கவலையும் அந்த வருடங்களில்தான் இருக்கின்றன. தொழினுட்பப் பிரிவில் படிப்பதால், இதுபற்றி உறவினர்களிடமும் அயலவர்களிடமும், கல்லடியில் கராஜ் நடத்தும் வாப்பாவின் நண்பர் ஒருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்னவற்றை, பாடத்தில் படித்தவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

பழைய வாகனம் பொன்னான காலம்

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதிய வாகனம் வராததால், நாட்டுக்குள் இருந்தவையே கைமாறிக்கொண்டிருந்தன. ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிள்கூட வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டது.

இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவரை போனது. உதிரிப்பாகங்கள் எல்லாம் டொலரில் வருபவை என்பதால் பிரேக் கட்டை முதல் பற்றரி வரை விலை ஏறியது. அதே வருடம் ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. ஓடாமல் நின்ற வாகனங்களின் பற்றரிகள் இறங்கின. பெற்றோல் பழசாகிக் காபரேட்டரில் பசைபோலப் படிந்தது. ஓடினால் மட்டுமல்ல, நின்றாலும் வாகனம் பழுதாகும் என்பதைப் பலரும் அப்போதுதான் கண்டார்கள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே

ஒரு கம்பனி விளம்பரத்தில் சொல்லும் ஆயுள் எங்கள் ஊரில் அப்படியே செல்லாது. கல்லடி ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் வாவி என்று உப்புக் காற்றுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். கராஜ்கார அண்ணனிடம், அதிகமாக என்ன பழுது வருகிறது என்று கேட்டேன்.

"என்ஜின் செத்து வாறது குறைவு, மகள். துருப்பிடிச்சு வாறதுதான் கூட" என்றார்.

துரு என்பது இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து நடத்தும் மின்னிரசாயனத் தாக்கம். தனி நீர் மின்னை நன்றாகக் கடத்தாது. உப்புக் கலந்த நீர் நன்றாகக் கடத்தும். அதனால் உப்புப் படிந்த இரும்பில் அதே தாக்கம் பல மடங்கு வேகமாக நடக்கிறது. முதலில் பாதிக்கப்படுபவை, நாங்கள் குனிந்து பார்க்காத இடங்கள்: சைலன்சரின் அடிப்பக்கம், மட்கார்ட்டின் உட்பக்கம், செயின், பற்றரி முனைகள், மின்வயர் பொருத்துகள், முச்சக்கர வண்டியின் தரைத்தகடு.

கல்லடியின் பழைய பாலமே இதற்குப் பாடம். ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் 1924இல் திறக்கப்பட்ட இந்த இரும்புப் பாலம், பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறக்கப்படும்வரை, அந்த உப்புக் காற்றிலேயே வாகனங்களைச் சுமந்தது. வர்ணப்பூச்சும் பராமரிப்பும் இல்லாமல் இரும்பு இத்தனை காலம் நிற்காது. எங்கள் வாகனத்துக்குத் தேவையானதும் அவ்வளவுதான். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரால் கழுவுதல், துடைத்துக் காயவைத்தல், செயினுக்கு ஒயில் போடுதல், வர்ணம் உரிந்த இடத்தை உடனே மூடுதல்.

அடுத்தது மழை. எங்கள் மாவட்டத்தின் பெரும்பகுதி மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு மார்கழி, தையை ஒட்டிக் கொட்டுகிறது. 2011 ஜனவரி வெள்ளம்போன்ற நாட்களில் வாகனம் தண்ணீரில் மூழ்கினால், வெள்ளம் வடிந்ததும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தத்தான் எல்லோருக்கும் கை போகும். அது கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. உள்ளிருக்கும் கம்பி வளைந்துவிடும். ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியே தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போவதே மலிவான வழி.

பழுது எப்போது வரும்?

பொறியியலில் "குளியல் தொட்டி வளைவு" என்று ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தின் பழுதுகளைக் காலத்தோடு வரைந்தால், கோடு தொடக்கத்தில் உயரமாகவும், நடுவில் தாழ்ந்து சமமாகவும், கடைசியில் மீண்டும் உயர்ந்தும் இருக்கும். தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல. தொடக்கத்தில் வருபவை தயாரிப்பிலும் பொருத்துவதிலும் நடந்த தவறுகள். நடுவில் வருபவை தற்செயலானவை. கடைசியில் வருபவை தேய்மானத்தால் வருபவை.

இதை விளங்கிக்கொண்டால் இரண்டு விடயங்கள் தெளிவாகும். ஒன்று, புதிய வாகனத்தின் முதலாவது சேர்விஸைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது வரும் உலோகத் துகள்கள் அந்த முதல் ஒயிலில்தான் கலந்திருக்கும். உத்தரவாதப் பத்திரமும் பொதுவாகக் குறித்த கிலோமீற்றரில் சேர்விஸ் செய்திருக்க வேண்டும் என்றே நிபந்தனை போடுகிறது. அதைத் தவறவிட்டால், தொடக்கப் பழுதை இலவசமாகத் திருத்தும் வாய்ப்பும் போய்விடலாம். மற்றது, பழைய வாகனம் வாங்குபவர் தொட்டியின் எந்த இடத்தில் ஏறப்போகிறார் என்று பார்க்க வேண்டும். தேய்மானப் பகுதியின் வாசலில் வாங்கினால், முந்திய சொந்தக்காரர் செலவழிக்க வேண்டிய காசைப் புதியவர்தான் செலவழிப்பார்.

சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது?

"உங்கட பைக் எப்படி?" என்று கேட்டால் வரும் விடை பெரும்பாலும் "நல்லம்" என்பதுதான். தான் காசு கொடுத்து வாங்கியதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். என்ன பழுதானது? எத்தனையாவது கிலோமீற்றரில்? பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு? அந்தப் பாகம் வர எத்தனை நாள் எடுத்தது?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மஞ்சந்தொடுவாயிலிருந்து கற்பிக்கப் போகும் ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டரில் போனது சிறிய பாகம். ஆனால் அந்த மாதிரி ஸ்கூட்டர் எங்கள் பக்கத்தில் குறைவு. மட்டக்களப்புக் கடைகளில் பாகம் இல்லாமல், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுப்பித்திருக்கிறார்கள். பதினொரு நாட்கள் அவர் பஸ்ஸிலும் வாடகை ஓட்டோவிலும் போயிருக்கிறார். பாகத்தின் விலையைவிடப் போக்குவரத்துச் செலவு கூடிவிட்டது.

முச்சக்கர வண்டி ஓட்டும் என் சாச்சா ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் மாதிரியையே வாங்கினார். காரணம் கேட்டேன். "வண்டி நிண்டா அண்டைக்கு அடுப்பும் நிண்டுரும், புள்ள" என்றார். எந்தக் கடையிலும் பாகம் உண்டு, எந்த மெக்கானிக்கும் கழற்றத் தெரிந்தவர் என்பது அவருக்கு அழகான வர்ணத்தைவிடப் பெரியது. நம்பகமான வாகனம் என்றால் பழுதே வராத வாகனம் அல்ல. பழுது வந்தால் விரைவாகவும் தாங்கக்கூடிய செலவிலும் எழும்பி நிற்கும் வாகனம்.

பாவித்த வாகனம் வாங்கும்போது

அமெரிக்கப் பேச்சு வழக்கில் பழுது மறைந்திருக்கும் காரை "எலுமிச்சம்பழம்" என்பார்கள். ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்ற பொருளியலாளர் 1970இல் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பாவித்த காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க விரும்பாமல் விலகுகிறார். சந்தையில் மோசமானவையே மிஞ்சுகின்றன. ஒளித்து விற்பவர் ஒருவரைமட்டும் ஏமாற்றவில்லை, நேர்மையாக விற்பவரின் பிழைப்பையும் கெடுக்கிறார் என்பதே இதன் பொருள். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேறு இருவருடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அறியாமையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் அளவு மிஞ்சுகிறது. மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் காட்டும் வாகனத்தின் கைப்பிடியும் பெடல் றப்பரும் ஆசனமும் தேய்ந்திருந்தால் மீற்றரை நம்பாதீர்கள். அடித்தகட்டில் டோர்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா, லீசிங் பாக்கி உண்டா என்று பாருங்கள். வாங்கியதும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போகக் கொடுக்கும் காசு வீண்செலவு அல்ல.

கராஜில் நாங்கள்

எங்கள் வீடுகளில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆனால் கராஜுக்கு அனுப்பக் காக்காவையோ மச்சானையோ தேடுகிறோம். அவர் வரும்வரை பிரேக் பிடிக்காத வண்டியில் பிள்ளையை ஏற்றிப் போகிறோம். இது காசுப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. பிரேக், டயர், விளக்கு ஆகிய மூன்றில் கோளாறு வந்தால் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

ஒரு சிறிய கொப்பி போதும். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, மாற்றிய பாகம், கொடுத்த காசு. வேலைக்கு முன் மதிப்பைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். போட்டது கம்பனிப் பாகமா, வேறா என்று பில்லில் எழுதிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் குறையாக எடுக்கமாட்டார். கல்லடி அண்ணன், கொப்பியோடு வருபவரின் வண்டியைத் திருத்துவது தனக்கே இலகு என்றார். போன முறை என்ன செய்தது என்று தேட வேண்டியதில்லையாம்.

சட்டமும் மார்க்கமும்

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் எங்கள் நாட்டில் நடைமுறையில் உள்ளது. விவரணம் சொல்லிப் பொருளை விற்கும் வியாபாரி, விற்கத்தக்க தரத்தில் அதைத் தரவேண்டும் என்பது அதில் உள்ளடங்கிய நிபந்தனை. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் முறையிட முடியாது. எனவே பார்ப்பதென்றால் சரியாகப் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. பில் இல்லாமல் போய் நிற்பவருக்குச் சட்டம் பெரிதாக உதவாது.

சட்டம் வியாபாரியைப் பற்றியே அதிகம் பேசுகிறது. பக்கத்து வீட்டாரிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குபவருக்கு அதில் பாதுகாப்புக் குறைவு. அந்த இடைவெளியை மார்க்கம் விடவில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு ஏமாற்றுவதைக் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மறைந்திருந்த குறை வாங்கிய பின் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை பிக்ஹில் கியாருல் ஐப் என்பார்கள். மீற்றரைத் திருப்பி வைப்பதும், துருவின்மேல் வர்ணம் பூசி விற்பதும் ஈரத் தானியத்தை அடியில் வைப்பதுதான்.

இன்று வாங்குபவர்களாக இருக்கும் நாங்கள் ஒருநாள் விற்பவர்களாகவும் நிற்போம். அன்றைக்கு அந்தக் கொப்பியை எடுத்து, செய்த வேலையையும் செய்யாத வேலையையும் காட்டி, குறையைச் சொல்லி விலை பேசுவோம். சில ஆயிரம் ரூபா குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த வாகனத்தில் நாளை ஏறப்போவது இன்னொரு வாப்பாவின் பிள்ளை என்பதை மறந்துவிடக் கூடாது.