பாரிசவாதத்துக்குப் பின்: கால் நடந்தால் மட்டும் போதுமா?

பாரிசவாதம் வந்து ஏழாம் மாதம் பெரியப்பா தடியில்லாமல் நடந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் சாட்டிக் கடற்கரைவரை தனியாகப் போனவர், திரும்பிவரும் ஒழுங்கை தெரியாமல் நின்றார். கடையில் மிச்சக்காசு எண்ணவும் வரவில்லை.

"தொண்ணூறில தீவை விட்டு வெளிக்கிட்டதில இருந்து யோசிச்சு யோசிச்சு மனம் விட்டுப்போச்சு" என்றார் பெரியம்மா. நானும் நம்பினேன். போர் தின்ற எங்கள் ஊர்களில் எந்த மறதிக்கும் இந்தக் காரணம் தயாராக இருக்கிறது.

மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டால் கை கால் மட்டும் விழுவதில்லை. கவனம், ஞாபகம், திட்டமிடல் எல்லாம் குறையலாம். கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு யாரும் பயிற்சி கேட்பதில்லை.

மூச்சு வாங்க நடக்கும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்புக் கலங்கள் புதிய இணைப்புகளை உண்டாக்க உதவும் புரதமொன்றும் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஈரம் காயமுன் மூளைக்கு வேலை கொடுப்பதுதான் யோசனை. 2019இல் வெளியான தாய்வான் ஆய்வொன்றில், பாரிசவாதத்தின் பின் சிந்தனைத்திறன் குறைந்தவர்கள் அரைமணி நேரம் சைக்கிள் மிதித்து, உடனே அரைமணி நேரம் கணினியில் சிந்தனைத்திறன் பயிற்சி செய்தார்கள். வாரம் 3 நாள், 12 வாரம். இலேசான உடற்பயிற்சியும் பொதுவான மூளை வேலையும் செய்தவர்களை விட இவர்கள் அறிவாற்றல் சோதனையில் முன்னேறினார்கள். மொத்தம் 30 பேர்தான். அதிசயம் என்று சொல்லமாட்டேன்.

எங்களிடம் கணினிப் பயிற்சி ஏது? கடற்கரை இருந்தது, சீட்டுக்கட்டு இருந்தது. வைத்தியரிடம் கேட்டு, பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பதைப் பார்த்தபின் தொடங்கினோம். கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் நடையின் வேகம். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்தம். வாய் கோணினால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸ். தீவார் மறக்கக்கூடிய இலக்கமா அது!

வீட்டுக்கு வந்ததும் 304. தொடக்கத்தில் துரும்பையே மறந்தார். பெரியம்மா பின்னால் நின்று அவருக்காகச் சீட்டை இறக்கிவிடுவார். அதை நிறுத்தத்தான் பெரும்பாடு. உதவி கூடினால் மூளைக்கு வேலையில்லை. விளையாட்டு இலகுவானாலும் அப்படியே. அதனால் இப்போது விழுந்த புள்ளிகளையும் அவர்தான் எண்ணவேண்டும்.

ஒழுங்கை இன்னும் சிலநாள் பிசகுகிறது. போன கிழமை என் ஒன்பதைத் துரும்பால் வெட்டிவிட்டு, "இருபது" என்றார், நான் கேட்கமுன்பே.